மேற்குப் பார்த்த மனை, கரிசல் மண், சுடுகிற மாடி

கேள்வி: நான் அருப்புக்கோட்டையில் பள்ளி ஆசிரியை. ஊருக்கு வெளியே 30-க்கு 50 அடி மனை வாங்கியிருக்கிறோம். மேற்குப் பார்த்தது, கரிசல் மண். ஒன்பது வருடமாக மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சித்திரை, வைகாசியில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். எங்கள் சொந்த வீடாவது ஏசி இல்லாமல் இருக்கக்கூடியதாக, சுற்றுச்சூழலைக் கெடுக்காததாக வேண்டும் என்று ஆசை. யூடியூபில் மண் வீடுகளைப் பார்த்துவிட்டு, மனை மண்ணிலேயே கல் அறுத்துக் கட்டலாமா என்று யோசித்தேன். மாமனார் "மழைக்குக் கரைஞ்சு போகும்" என்கிறார். கன்னி மூலையில்தான் படுக்கையறை வர வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி. மேஸ்திரி கீழும் மேலுமாக 1,900 சதுர அடிக்குப் பிளான் போட்டுக் கொடுத்து, சதுர அடிக்கு 2,300 ரூபாய் கேட்கிறார். முற்றம் வைத்து மேலே கண்ணாடி போட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். பிளானின் நகலை இணைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

மண் கல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மனை மண்ணில் வேண்டாம். மாமனார் பயப்படுகிற காரணம் சரியில்லை, ஆனால் அவர் சொல்லும் முடிவு சரி. அழுத்திச் செய்த மண் கல் மழைக்குக் கரையாது. ஆரோவில்லில் உள்ள எர்த் இன்ஸ்டிட்யூட் இதைப் பல வருடங்களாகச் செய்து காட்டுகிறது. செம்மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுடாமல் நான்கு வாரம் ஈரத்தில் வைத்து எடுக்கிறார்கள். அந்தக் கல்லில் மூன்று மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் அதற்கு மணல் கலந்த மண் வேண்டும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். வைகாசியில் உங்கள் மனையில் போய் நின்றால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு தெரியும். அப்படி ஆடுகிற மண்ணைக் கல்லாக்கிச் சுவரில் வைக்கக் கூடாது. செம்மண்ணை லாரி லாரியாக வரவழைத்துச் செய்வதானால், எதற்காக மண் வீடு என்று ஆசைப்பட்டீர்களோ அந்தக் காரணமே டீசல் புகையில் போய்விடும்.

அதே கரிசல்தான் உங்கள் அஸ்திவாரத்தையும் முடிவு செய்கிறது. மேஸ்திரியின் பிளானில் ஐந்தடி தோண்டிப் பில்லர் என்று போட்டிருக்கிறார். மண் பரிசோதனை செய்யாமல் அதை ஏற்காதீர்கள். இந்த மாதிரி மண்ணுக்காகவே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. சுமார் 11, 12 அடி ஆழத்துக்குக் குழாய் மாதிரித் துளை போட்டு, அடியில் அதைக் குடம் போல அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவார்கள். அண்டர் ரீம்டு பைல் என்று பெயர். மேல் மண் ஊதினாலும் சுருங்கினாலும் வீடு கீழே கால் ஊன்றி நிற்கும். அந்தப் பைல்களை இணைத்து ஒரு பீம் ஓட்டி, அதன் மேல் சுவர் எழுப்பலாம். எத்தனை பைல், என்ன கம்பி என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், இங்கே மட்டும் வேண்டாம். அஸ்திவாரம் இறங்கி, பத்து வருடத்தில் விரிசல் விட்டு இடித்துக் கட்டுகிற வீட்டை எந்தப் பொருளில் கட்டியிருந்தாலும் அது சுற்றுச்சூழலுக்குக் கேடுதான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தொந்தரவு அதில்தான் இருக்கிறது. என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல "எந்தக் கல்லில் கட்டலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கல்லுக்கு முன்னால் வெயிலைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரை பாகையில் இருக்கிறது. அதனால் சித்திரை முதல் தேதியை ஒட்டி உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். உங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழல் அன்று அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும், பிள்ளைகளுக்கும் காட்டலாம். அதிலிருந்து ஆவணி நடு வரைக்கும் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று வெளிநாட்டுப் புத்தகம் சொல்வதை நம் ஊரில் நம்பக் கூடாது. அங்கேயும் சன்ஷேட் வேண்டும். கோடை முழுக்க வெயிலை வாங்குவது முதலில் மொட்டை மாடி, அடுத்தது மாலையில் மேற்குச் சுவர். இந்த இரண்டையும் சரிசெய்தால் உங்கள் வீட்டுக் காரியம் முக்கால்வாசி முடிந்தது.

மாடி வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுடுகிறது என்கிறீர்கள். கான்கிரீட் அப்படித்தான். பகலெல்லாம் குடித்த சூட்டை உடனே கீழே விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டு, நீங்கள் படுக்கிற நேரத்தில் இறக்கும். மின்விசிறியை வேகமாக வைத்தால் அந்தச் சூட்டைத்தான் முகத்தில் அடிக்கும். ஆகவே வெயில் கான்கிரீட்டைத் தொடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

இதற்கு நம் கொத்தனார்கள் வழக்கமாகச் செய்து வந்த வேலையே போதும். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் பரப்புவார்கள். சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை விழும்போது முதலில் "சொத்" என்று கேட்கிற சத்தம், இறுக இறுக "டங்" என்று மாறும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் தட்டோடு பதிப்பார்கள். இப்போது பல இடங்களில் இதைச் சிமென்ட் கலவையில் அரை நாளில் முடித்துவிட்டு அதே கூலியை வாங்குகிறார்கள். நீங்கள் பழைய முறையையே கேளுங்கள். அதன் மேல் வெள்ளை. சுண்ணாம்பும் ஃபெவிகாலும் கலந்து அடித்தாலும் சரி, கடையில் விற்கிற கூல் ரூஃப் பெயின்ட் அடித்தாலும் சரி, வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஒரே நிபந்தனை: உங்கள் ஊர்ப் புழுதியில் வெள்ளை ஒரு வருடத்தில் மங்கிவிடும். மாசியில் மாடியைக் கழுவிவிட்டு மறுபடி ஒரு பூச்சு அடிப்பதை, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தளத்தை ஃபில்லர் ஸ்லாபாகப் போடச் சொல்வேன். கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் கம்பிதான் பாரத்தை இழுத்துப் பிடிக்கிறது. கம்பிகளுக்கு நடுவே இருக்கிற கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. அந்த இடத்தில் சீமை ஓட்டை வைத்து நிரப்பினால் அவ்வளவு சிமென்ட் மிச்சம். பந்தல்குடிப் பக்கம் போகும்போது சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த குழிகளைப் பார்த்திருப்பீர்கள். சிமென்டுக்காக அந்தக் கல்லைச் சுடும்போது வெளியேறுகிற கரியமில வாயுவை எந்த எரிபொருளுக்கு மாறினாலும் நிறுத்த முடியாது, ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. குறைத்துப் பயன்படுத்துவது ஒன்றுதான் நம் கையில் இருக்கிற வழி. பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் இந்தத் தளத்தைக் கேரளம் முழுக்கப் பரப்பினார்.

செய்யும்போது கவனிக்க வேண்டியதை நேரில் நின்று பாருங்கள். ஓடுகளை முதல் நாள் ராத்திரியே டிரம்மில் ஊறப் போட வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஊறியதை இரண்டிரண்டாகக் கவிழ்த்து, நடுவில் காற்று நிற்கும்படி சென்ட்ரிங் பலகை மேல் அடுக்குவார்கள்; ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் கம்பி ஓடும். எலக்ட்ரீஷியன் பைப்பை ஓட்டின் மேல் இழுக்காமல் கம்பி ஓடும் பாதையில் இழுக்கிறாரா என்று பாருங்கள். சுவரை ஒட்டிய பகுதி, பாத்ரூம், வெளியே நீளும் சஜ்ஜா ஆகியவற்றில் ஓடு வேண்டாம், முழுக் கான்கிரீட்தான். பலகை பிரித்த அன்று அண்ணாந்து பார்த்தால் செங்கட்டம் போட்ட மாதிரி சிவப்பு ஓடுகள் வரிசையாகத் தெரியும். அதற்குப் பூச்சும் வேண்டாம், ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம். ஆனால் ஒன்று: சூட்டைக் குறைப்பதில் இந்த ஓடுகளின் பங்கு கொஞ்சம்தான். ஃபில்லர் ஸ்லாப் போட்டோமே என்று மேலே தட்டோட்டையும் வெள்ளையையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மேற்கு. உங்கள் பிளானில் மேற்குப் பக்கம் ஆறடி அகலக் கண்ணாடி ஜன்னல், அதற்கு இரண்டடி சன்ஷேட். சித்திரையில் மாலை நாலேகால் மணிக்கு வெயில் சுமார் 30 பாகைச் சாய்வில் வரும். இரண்டடி சன்ஷேட் அப்போது ஜன்னலின் மேல் ஓரத்தில் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் மறைக்கும். மிச்ச வெயில் நேராக ஹாலுக்குள் வந்து சோபாவில் உட்காரும். மேற்குக்கு ஆழமான நிழல் வேண்டும். வாசலில் எட்டடி ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம் விடுங்கள். அதில் ஒரு திண்ணை. உங்கள் மாமனார் மாதிரி ஆட்களுக்கு மாலையில் தெருவைப் பார்த்து உட்கார இடம் வேண்டும். ஹால் சோபா அதற்கு ஈடாகாது.

ஆனால் மேற்கை அடைத்தும் விடாதீர்கள். ஆடிக்காற்று உங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுற்றிவிடுகிற அதே காற்று. தாழ்வாரத்தின் தெருப் பக்கத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் வைத்தால் வெயில் துண்டு துண்டாகி நின்றுவிடும், காற்று நுழையும். காற்று வெளியேற எதிரே கிழக்கில் ஜன்னலும், தளத்துக்கு ஓரடி கீழே வென்டிலேட்டரும் வேண்டும். நம் பாட்டி வீடுகளில் இருந்த அந்த வென்டிலேட்டரை ஏசிக்காக எல்லாரும் எடுத்துவிட்டார்கள். சூடான காற்று மேலேதான் நிற்கும். போக வழி விட வேண்டும்.

கன்னி மூலை விஷயத்தில் மாமனாரோடு சண்டை போடாதீர்கள். தென்மேற்கு என்பது வீட்டிலேயே அதிகம் சுடுகிற மூலை, அது உண்மை. ஆனால் அதே வாஸ்து, கன்னி மூலை உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொள்வோம். மாடியில் ஒரே ஒரு அறை கட்டி, அதைக் கன்னி மூலைப் படுக்கையறைக்கு நேர் மேலே வையுங்கள். கீழறையின் தளத்தை வெயில் தொடாது. மாடிப்படியை அந்த அறையின் மேற்குச் சுவருக்கு வெளியே ஒட்டி ஏற்றினால் படிக்கட்டே சுவருக்கு நிழல். உள்ளே அதே சுவர் நெடுக பீரோவும் அலமாரியும். ஜன்னலைத் தெற்கில் வையுங்கள். பெரியவர்கள் கேட்ட மூலையும் கிடைக்கும், தூக்கமும் கிடைக்கும். மாடி அறை வெயிலில் காயும்; அதை விசேஷத்துக்கு வருகிற உறவினர்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

சுவருக்குச் சூளைச் செங்கல்லோ, தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற ஃப்ளை ஆஷ் கல்லோ எடுங்கள். எது அளவு பிசகாமல் வருகிறதோ அது. கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் மூன்று அங்குலக் காற்றுப் பை விட்டுக் கட்டுகிற ராட் ட்ராப் முறையில் ஒன்பது அங்குலச் சுவருக்குக் கால்வாசிக் கல் மிச்சமாகும். நடுவில் நிற்கிற காற்று மேற்கு வெயிலுக்குத் தடுப்பு. மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் கெட்டியாகக் கட்ட வேண்டும்.

முற்றத்துக்கு வருகிறேன். கண்ணாடி வேண்டாம், பாலிகார்பனேட் ஷீட்டும் வேண்டாம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பதினாறு வருடங்களுக்கு முன் சிவகங்கைப் பக்கம் ஒரு வீட்டுக்கு எட்டுக்கு எட்டு முற்றம் வைத்தேன். மழைச் சாரல் வரும் என்று வீட்டுக்காரர் தயங்கினார். ஷீட் போட்டு மூடிவிடலாம் என்று நானே சொல்லி, நானே வரைந்து கொடுத்தேன். அடுத்த மே மாதம் போய்ப் பார்த்தேன். முற்றத்துக்கு மேலே கம்பியில் ஒரு நீலப் பருத்திப் புடவையை நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய சதுரம் மட்டும் வெயிலில் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. அந்த அம்மா சொன்னார்: "வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, உக்காரத்தான் முடியல." வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே விடாமல் அடைத்த பெட்டியாக அதைச் செய்துவிட்டிருந்தேன். அந்த வாரமே ஷீட்டைக் கழற்றினோம். வேலைக்கான கூலியை நான் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் இப்போது சாரல் வருகிறது, துடைக்கிறார்கள். ஆனால் மதியத்தில் எல்லாரும் உட்காருவது அங்கேதான்.

உங்களுக்கு ஆறுக்கு எட்டு போதும். மேலே இரும்புக் கம்பி, கொசுவலை. தரை இரண்டு அங்குலம் தாழ்வாக, தண்ணீர் தொட்டிக்கு ஓடும்படி. மாமியாருக்காக அந்த இறக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் சரிவாக விடுங்கள், கைப்பிடிக் கம்பியும் வையுங்கள். மழுமழுவென்ற டைல்ஸ் வீட்டில் எங்கேயுமே வேண்டாம், முக்கியமாக அங்கே வேண்டாம்.

தண்ணீர். மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்தே நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் மேஸ்திரி ஒரு குழி வரைந்திருக்கிறார். கரிசலில் அந்தக் குழி மெதுவாகத்தான் உறிஞ்சும், அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மண்ணை ஊதவும் வைக்கும். நீங்கள் சேமிக்கிற தொட்டி கட்டுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் கிடைக்கும். 10,000 லிட்டருக்கு ஈசானியத்தில், அதாவது வடகிழக்கு மூலையில், ஒரு சம்ப் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். முதல் பத்து நிமிட மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு வைக்க வேண்டும். பெரிய மரத்தையும் சுவருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வேர் ஒரு பக்க ஈரத்தை மட்டும் இழுத்தால் கரிசல் அங்கே சுருங்கி அஸ்திவாரம் சாயும். புங்கை வைக்க ஆசையிருந்தால் தெரு ஓரத்தில் வையுங்கள். ஜாலிச் சுவரில் சங்குப்பூக் கொடி ஏற்றுங்கள்.

அளவைப் பற்றி. 1,900 சதுர அடி உங்கள் ஆறு பேருக்கு அதிகம். ஹோம் தியேட்டர் அறை, மாடியில் இரண்டாவது ஹால், ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை என்று வரைந்திருக்கிறார். இதில் எதையும் நீங்கள் கடிதத்தில் கேட்கவில்லை. கீழே ஆயிரம், மேலே அந்த ஒரு அறைக்கு 350 என்று வைத்தால் 550 சதுர அடி குறைகிறது. அவர் சொன்ன விலையில் 12,65,000 ரூபாய். பைல் அஸ்திவாரம், சுண்ணாம்புத் தளம், சம்ப் எல்லாவற்றுக்கும் கூடுதலாகத் தேவைப்படும் பணம் அதிலிருந்தே வந்துவிடும். கட்டாத சதுர அடிக்குச் சிமென்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், வங்கி வட்டியும் வேண்டாம். இதைவிடச் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சோலார் இப்போதே வேண்டுமா என்றால், மத்திய அரசின் 2024 திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பேனலை ஆளுயரச் சட்டத்தில் நிறுத்தினால் மாடிக்கு நிழலும் ஆயிற்று. பணம் முட்டினால் இதைத் தள்ளிப்போடலாம், சட்டத்துக்கான போல்ட்டை மட்டும் தளம் போடும்போதே வைத்துவிடுங்கள். மின்விசிறியை மட்டும் முதலிலிருந்தே பிஎல்டிசி என்கிற, பிரஷ் இல்லாத மோட்டார் வகையாக வாங்குங்கள். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும்.

உங்கள் மேஸ்திரி ராட் ட்ராப்பும் ஃபில்லரும் "நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று சொல்லக்கூடும். பழகாத வேலையில் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம் அது, நியாயமான பயம். வாதாடாதீர்கள். ஒரு நாள் கூலி கொடுத்து, நாலடி நீளம் மூன்றடி உயரத்தில் மாதிரிச் சுவர் ஒன்று கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வரியில் தடுமாறுவார், மூன்றாவது வரியில் கை பழகிவிடும். அந்தச் சுவரை இடிக்க வேண்டாம், காம்பவுண்டின் ஒரு துண்டாக இருக்கட்டும்.

பிளானைத் திருத்தியதும் நகலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் அது இல்லை.